நண்டு வலைமேல் விழுந்த பழி

டெல்பின் நான்கு வருடமாக ஒரு பட்டையைச் செய்துகொண்டிருந்தாள். விரல் நீளம்தான். நுனியில் தங்கப் பூச்சு, அதன்மேல் பெப்டைடு என்னும் புரதத் துணுக்கு. கடல்நீரில் துளி ஈயம் இருந்தாலும் அந்தத் துணுக்கு பிடித்துக்கொள்ளும். மெல்லிய மின்சாரம் செலுத்தினால், எவ்வளவு பிடித்தது என்பதை ஒரு சின்னக் கருவி எண்ணாகக் காட்டிவிடும்.

கடல்நீரைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பிடித்திருந்தால் வாங்கிக்கொள்வார்களாம். தூத்துக்குடிக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியான டெல்பின், அம்மாவின் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு போனாள்.

அதிகாரி நேசக்குமார் மேசைமேல் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார். டெல்பின் பட்டையை நனைத்தாள். பூஜ்யம். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா? நம்ம கடல் சுத்தம்னு விஞ்ஞானமே சொல்லிட்டு!" என்று நேசக்குமார் போட்டோவுக்குச் சிரித்தார்.

டெல்பினுக்குச் சந்தேகம். "இது எந்த இடத்துத் தண்ணி சார்?"

உதவியாளர் நெளிந்தார். "கடலுக்குப் போக நேரமில்ல மேடம். கடைத் தண்ணிதான். உப்பு போட்டிருக்கோம்லா."

டெல்பின் தன் பையிலிருந்த கேனை எடுத்தாள். நண்டு வலை போடும் விக்டர் அன்று காலை பிடித்துக் கொடுத்த கடல்நீர் அது. அவர் வலை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுக் குழாய் கடலில் இறங்குகிறது. யார் பிடித்தது, எங்கே என்பதைச் சொல்லிவிட்டுப் புதுப் பட்டையை நனைத்தாள். லிட்டருக்கு முப்பத்தெட்டு மைக்ரோகிராம் ஈயம்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் நேசக்குமார்.

அவள் மறுபடி பாட்டிலைச் சோதித்தாள். பூஜ்யம். அதில், தான் கொண்டுவந்திருந்த ஈயக் கரைசலை லிட்டருக்கு இருபது மைக்ரோகிராம் வரும்படி கலந்து சோதித்தாள். இருபதே காட்டியது.

நேசக்குமார் குரலைத் தாழ்த்தினார். "இதோட கூர்மையக் கொஞ்சம் கொறைக்க முடியுமாம்மா? அம்பதுக்கு மேல போனா மட்டும் காட்டட்டுமே."

"அதுக்கு மெஷின் எதுக்கு சார்? கண்ண மூடிக்கிட்டாப் போதுமே."

பத்து நாளில் கடிதம் வந்தது. கருவி பொதுமக்களிடம் பீதி உண்டாக்கும் அளவுக்குத் துல்லியமாக இருப்பதால் வாங்க இயலாது. ஈயம் வந்தது மீனவர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளிலிருந்து. ஆகவே விக்டர் என்பவர் இனி ஈயக்குண்டு பயன்படுத்தக் கூடாது. குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

டெல்பின் கொண்டுபோய்க் காட்டிய கடிதத்தை விக்டர் இரண்டு தடவை படித்தார். "ஏளா, ஒன் மெஷினு கடைசில என்னையத்தான் பிடிச்சிருக்கு."

டெல்பினுக்கு முகம் எரிந்தது. மறுநாள் அவர் படகிலேயே போனாள். குழாய் வாயில் அறுபத்தொன்று. ஒரு கிலோமீட்டர் தள்ளி பதினொன்று. தெற்கே தூரத்தில், ஊர் வலையெல்லாம் நெருங்கிக் கிடக்கும் இடத்தில், ஈயக்குண்டுகளுக்குக் குறைவே இல்லாத இடத்தில், வெறும் இரண்டு.

கரைக்கு வந்ததும் மீன் ஏலக்கூடச் சுவரில் மூன்று எண்களையும் எழுதப் போனாள். விக்டரின் மனைவி மெட்டில்டா பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எழுதிட்டு நீ காலேஜுக்குப் போயிருவ. எங்க நண்ட எவன் வாங்குவான்?"

டெல்பின் அதை யோசித்திருக்கவே இல்லை. தலைகுனிந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். விக்டர்தான் கடைசியில் சொன்னார்: "அறுபத்தொண்ணுல பிடிச்சத நம்ம பிள்ளையளும்தான திங்குது. தெக்கே போவோம். எழுதட்டும்."

டீசல் கூடுதலாகச் செலவானது. மெட்டில்டா ஒரு வாரம் டெல்பினிடம் பேசவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் எண்கள் சுவரில் ஏறின. மூன்றாவது வாரம் தொழிற்சாலைக்காரர்கள் வந்து, சமூக சேவை என்று சொல்லி, சுவருக்கு இலவசமாக வெள்ளை அடித்து, ஓரத்தில் 'கடலைக் காப்போம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை டெல்பின் மறுபடி எழுதிய எண்கள், புது வெள்ளையில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அடுத்து அடிக்க யாரும் வரவில்லை.

வாங்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டே விலை கேட்கத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேசக்குமாரும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"ரெண்டு காட்டுன எடத்து நண்டு இருக்காம்மா?" என்று மெட்டில்டாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

செய்தித்தாள் போட்டோவில் பார்த்திருந்ததால் அவள் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். சத்தமாகவே கேட்டாள்: "ஏன் சார், குழாயடி நண்டு வேண்டாமா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

குழாயை இன்னும் யாரும் அடைக்கவில்லை. போன சனிக்கிழமை அங்கே ஐம்பத்தெட்டு.