உட்கார்ந்து விற்பவன்

சோபாக் கடையில் அவனுக்கு மெத்தை என்று பெயர். மற்ற விற்பனையாளர்கள் விறைப்பாக நின்றுகொண்டு மரம், துணி, உத்தரவாதம் என்று ஒப்பிப்பார்கள். மெத்தை அதெல்லாம் பேச மாட்டான். வந்தவர்கள் உட்கார்ந்ததும் நெடுநாள் காணாமல் போன சொந்தக்காரன் மாதிரி பக்கத்தில் தொப்பென்று விழுந்து, கால்மேல் கால் போட்டு, "அப்புறம், வீட்ல எத்தனை பேர்?" என்பான். பேச்சு முடிவதற்குள் சோபா விற்றிருக்கும். மேலாளர் இதற்கு 'உறவுமுறை விற்பனை' என்று பெயர் சூட்டி, தானே கண்டுபிடித்ததாகத் தலைமை அலுவலகத்தில் திரை போட்டு விளக்கி, கேடயமும் வாங்கிக்கொண்டார்.

அப்படிப்பட்டவனுக்கு முப்பத்திரண்டு வயதில் இடுப்பு காலை வாரியது. எலும்புக்கு ரத்தம் போகவில்லையாம். தொடையெலும்பின் தலை உள்ளேயே நொறுங்கிவிட்டது. அறுத்து எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று பொருத்தினார்கள்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கிழத்தைக் கைவசம் வைத்திருந்தார்கள். "என் மாமியாருக்கும் இதேதான். எழுபத்தெட்டு வயசு. இப்ப மாடிப்படியில ரெண்டு ரெண்டா தாவுறாங்க," என்றார் பெரியப்பா. ஊரிலிருந்த மாமியார்கள் எல்லாரும் தாவிக்கொண்டிருந்தார்கள். மெத்தைக்கோ கீழே விழுந்த போனை எடுக்கக்கூட அக்கா வர வேண்டியிருந்தது.

"மறுபடியும் ஒன்னாங்கிளாஸ் சேந்துட்டியாடா?" என்று அவனுக்குச் சாக்ஸையும் மாட்டிவிட்டுச் சிரித்தபடி போவாள். அவள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழலாம் என்று நினைப்பான். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவும் டாக்டர் தடை போட்டிருந்தார்.

தடைகளுக்குக் குறைவில்லை. கால்மேல் கால் போடக் கூடாது. குனியக் கூடாது. தாழ்வான இருக்கை ஆகவே ஆகாது. இடுப்பு முழங்காலைவிட மேலேதான் இருக்க வேண்டும். கடையில் அப்படி ஒரு சோபாகூடக் கிடையாது.

மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு வேலைக்குப் போனான். மேலாளர் எல்லாரையும் கூட்டி வைத்துக் குரல் தழுதழுக்கப் பேசினார். "நாம ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தனை என்னிக்கும் கைவிட மாட்டோம்!" கைதட்டல் ஓய்ந்ததும் அவன் காதருகே வந்தார். "இன்னிக்கு ஒரு நாள் கடையில நின்னு பாரு தம்பி. முடியலேன்னா குடோன்ல போன் எடுக்கிற வேலை இருக்கு. 'என் கட்டில் எப்ப வரும்'னு கேப்பாங்க. 'வந்துகிட்டே இருக்கு'ன்னு சொல்லணும். பெரிய வித்தையெல்லாம் இல்ல."

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் யாரும் கடைக்குத் திரும்பி வந்ததும் கிடையாது.

மதியம் ஒருவர் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. தோதா ஒரு சோபா வேணும்."

எந்தச் சோபாவும் தோதுப்படாது, சாப்பாட்டு மேசையோடு வரும் கைவைத்த மர நாற்காலிதான் சரி என்பது மெத்தைக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மேலாளர் ஓடோடி வந்தார்.

"சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க சார்! எங்க தம்பிக்கும் அதே ஆபரேஷன்தான். அவனே உக்காந்து காட்டுவான்!" அவர் கை காட்டியது கடையிலேயே தாழ்வான, கும்மென்று உப்பிய பெரிய சோபாவை.

மெத்தை குடோனை நினைத்தான். கைத்தடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். சோபா அவனை விழுங்கியது. முழங்கால்கள் நெஞ்சை நோக்கி ஏறின. இடுப்புக்குள் எதுவோ இழுத்துப் பிடித்தது. சிரித்தான்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் அந்த அம்மா.

"சொகுசா இருக்கும்மா."

மகன் திருப்தியாகத் தலையாட்டினார். அம்மா நகரவில்லை. "உக்கார யாருக்குத்தான் வராது? எந்திரி, பாப்போம்."

மெத்தை கையை ஊன்றினான். கை பஞ்சுக்குள் புதைந்தது. இன்னொரு முறை ஊன்றினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"பாத்தீங்களா, எந்திரிக்கவே மனசு வரல அவனுக்கு!" என்று மேலாளர் கடகடவென்று சிரித்தார்.

கூடச் சிரிக்க ஆளில்லை. "உனக்கு என்ன வயசுப்பா?" என்றாள் அந்த அம்மா. சொன்னான். மாடிப்படியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடா, போலாம்," என்றாள்.

சுமைதூக்கும் ஆட்கள் இருவர் வந்தார்கள். "அக்குள்ல பிடி. காலைத் தொடாத, கழண்டு வந்துரப் போவுது," என்றான் ஒருவன், பீரோவைத் தூக்குகிற பக்குவத்தோடு. நிமிர்த்தி வைத்ததும் மேலாளர் அவன் சட்டையைத் தட்டிவிட்டார். "நாளையிலேருந்து நீ வாடிக்கையாளர் மனநிறைவு அலுவலர். பதவி உயர்வுன்னே வெச்சுக்கோ. போன் குடோன்லயே இருக்கு."

சாயங்காலம் வீட்டு வாசலில் அக்கா அவன் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தாள். "வேலை எப்படிடா?"

"இனிமே உக்காந்தே பாக்குற வேலைக்கா."

"அப்பாடா! இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. இரு, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்." ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினாள்.

இன்னொன்று காலிலேயே இருந்தது. அவனால் குனிய முடியாது. அவளைக் கூப்பிடவும் தோன்றவில்லை. உள்ளே அவள் போனில் சந்தோஷமாகப் பேசுவது கேட்டது. அவன் அப்படியே நின்றான்.