தேங்காயெண்ணெய் லிப்ட்

தன்னைப்போல் ஒரு மடையன் வவுணதீவில் இனித்தான் பிறக்கவேண்டும் என்று உதயரூபன் இப்போது வாய்விட்டே சொல்கிறான். தைப்பொங்கலுக்கு முன்பு அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். ஊருக்கே ஒரு மூளைதான், அதுவும் தன் தலைக்குள் இருக்கிறது என்பது அப்போதைய எண்ணம்.

வான் வண்டி புரண்ட விபத்துக்குப் பிறகு அவன் மனைவி நிருஷாவால் நடக்க முடியவில்லை. வீடோ, வாவி பெருகினால் வெள்ளம் ஏறும் என்று உயர்த்திக் கட்டியது. முற்றத்துக்கு இறங்க அவன்தான் அவளைத் தூக்கவேண்டும். தூக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தன் தோள்வலிமையில் சொக்கித்தான் மூடுகிறாள் என்று நம்பியிருந்த ஆள் அவன்.

"வாற பொங்கலுக்கு நான் என்ட பாட்டில முத்தத்துக்கு இறங்கிப் பொங்கோணும்" என்று ஒருநாள் அவள் சொன்னாள். அவ்வளவுதான், ஐயா விஞ்ஞானியாகிவிட்டார்.

காத்தான்குடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முகைதீன்பாவாவிடம், டிராக்டர் பெட்டியைத் தூக்கும் சிலிண்டர் ஒன்றை வாங்கினான். அதன்மேல் சக்கர நாற்காலி நிற்க ஓர் இரும்புத் தட்டு. கைப்பம்பை அடித்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் போய்த் தட்டு ஏறும். நிருஷா வால்வைத் திறந்தால் எண்ணெய் டாங்கிக்குத் திரும்பித் தட்டு இறங்கும்.

"இதுக்கெண்டே ஹைட்ரோலிக் ஒயில் இரிக்கி தம்பி, அத ஊத்துங்க" என்றார் முகைதீன்பாவா.

வியாபாரி வேறென்ன சொல்வார் என்று உள்ளுக்குள் சிரித்துவிட்டு வந்து, உதயரூபன் தானே ஆராய்ந்தான். தண்ணீர் விட்டால் துருப்பிடிக்கும். பழைய எஞ்சின் ஒயில் ஒழுகினால் தரை நாறிப்போகும். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும். தேங்காயெண்ணெய் வழுக்கும், மணக்கும், துருவும் பிடிக்காது.

"ஒழுகினாலும் தலைக்கு வைக்கலாம்" என்றான் பெருமையாக.

"உங்கட தலைக்கு ஏதாவது வைக்கத்தான் வேணும்" என்றாள் நிருஷா.

மழை விட்ட ஒரு மத்தியானத்தில், சுடுவெயிலில் ஒத்திகை நடந்தது. தட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவன் அயலையெல்லாம் பொங்கலுக்கு வரச்சொல்லிவிட்டான்.

பொங்கலன்று விடியலில் வாடைக்காற்று எலும்பைத் துளைத்தது. முற்றத்தில் கோலமும் அடுப்பும் புதுப்பானையும் தயார். சனம் கூடி நிற்க, நிருஷா புதுச்சேலையோடு தட்டுக்கு வந்து வால்வைத் திறந்தாள். தட்டு ஒரு முழம் இறங்கி, அந்தரத்தில் நின்றுவிட்டது.

அவன் வால்வைத் திருகினான், குழாயைத் தட்டினான், கடைசியில் டாங்கியைத் திறந்து பார்த்தான். உள்ளே எண்ணெய் வெள்ளைவெளேரென்று உறைந்திருந்தது. மார்கழி பிறந்த நாளிலிருந்து, காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து உருக்கித் தலைக்குப் பூசுகிறவன் அவனேதான். அன்றும் பூசியிருந்தான். அது இப்போது நெற்றியில் வடிந்துகொண்டிருந்தது.

"உதயன்ட டாங்கியில நெய் இருக்காம், பொங்கிற புக்கைக்கு அள்ளுங்க!" என்று யாரோ சொல்ல, முற்றமே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வழக்கம்போல் அவளை நோக்கிக் கைகளை நீட்டினான்.

"தொடாதீங்க."

"பொங்கல் பிந்திப்போகும் புள்ள."

"பிந்தட்டும். எண்ணெய் உருகினாப் பிறகு இறங்குவன். நீங்க தூக்கக்குள்ள நான் ஏன் கண்ண மூடுறன் தெரியுமா? ஊர் என்னப் பாக்கிறத நான் பாக்காம இருக்கத்தான்."

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குசினிக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து, குழாய்க்கும் டாங்கிக்கும் செம்பு செம்பாக ஊற்றினான். "அரோகரா!" என்று அயலார் குரல் கொடுத்தார்கள். கொடுக்கட்டும் என்று அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

மற்ற வீடுகளில் வெடி கொளுத்தி ஓய்ந்தபோது வாவிக்கு மேலே வெயில் ஏறியிருந்தது. தட்டு அசைந்தது. வால்வைப் பிடித்தபடி, எல்லோரையும் நேரே பார்த்துக்கொண்டு, நிருஷா மெல்ல மெல்ல மண்ணுக்கு வந்து சேர்ந்தாள். தானே நாற்காலியை உருட்டிப்போய் அடுப்பை மூட்டினாள்.

இப்போது டாங்கியில் முகைதீன்பாவா சொன்ன ஒயில்தான் ஓடுகிறது. மத்தியானச் சோற்றுக்கு உதயரூபன் அவளை வாவிக்கரையில் தேடிப் போகவேண்டியிருக்கிறது. எண்ணெயை நினைத்துத்தான் அவன் தன்னை மடையன் என்கிறான் என்று ஊர் நம்புகிறது. அவன் நினைப்பதோ அந்த மூடிய கண்களை.