சட்டைத்துணி எடுக்கப் போன நாள்

செட்டிபாளையத்தில் பஸ்ஸுக்குக் கைகாட்ட ஒருவரும் இல்லை என்று கண்டதும் கஜானிக்கு ஆறுதலாக இருந்தது. பஸ் வேகத்தைக் கூட்டவும் ரோட்டோரத்து ஒழுங்கைக்குள் இருந்து ஒரு குடை நீண்டது. குடைக்குப் பின்னால், வலது காலை மடக்காமல் இழுத்துக்கொண்டு, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் ஆச்சிப்பிள்ளை மாமி வந்தாள். கொண்டக்டர் மணியடித்துப் பஸ்ஸை நிறுத்தி, கையைப் பிடித்து ஏற்றினான். பாதி இருக்கைகள் வெறுமையாகத்தான் கிடந்தன. ஆனாலும் மாமி நேரே கஜானியிடம் வந்தாள். அவளை ஜன்னல் பக்கம் நகரச் சொல்லி, தான் ஓரத்தில் அமர்ந்து, மடங்காத காலை ஆட்கள் நடக்கும் வழிக்குள் நீட்டிவிட்டு, "எங்க பிள்ள போறாய்?" என்று கேட்டாள்.

மாமி, கஜானியின் கணவன் நிதுர்ஷனுடைய தாய்க்குத் தமக்கை. மாமியிடம் சொல்வதும் மாமியாரிடம் சொல்வதும் ஒன்றுதான். மாமியாரின் காதுக்குப் போகுமுன் செய்தி இன்னும் நாலு வீட்டுக்குப் போய் வரும் என்பதுதான் வித்தியாசம். யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று கஜானி தேற்றாத்தீவில் பஸ் ஏறும்போதே தீர்மானித்திருந்தாள்.

"காத்தான்குடிக்கு மாமி. பிள்ளையளுக்குப் பொங்கலுக்குச் சட்டைத்துணி எடுக்க."

அந்தக் கரையில் ஒரு பெண் தனியாக வெளிக்கிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. காத்தான்குடிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், எந்தப் பெண்ணும் போயிட்டு வா என்று சொல்லமாட்டாள்.

"அப்ப நானும் வாறன். நான் மட்டக்களப்புக்கு மருந்தெடுக்க வெளிக்கிட்டனான். அது நாளைக்கும் எடுக்கலாம். நீ தனியப் போனா அவனுகள் விக்காம கிடக்கிறத உன்ட தலையில கட்டிருவானுகள்."

கொண்டக்டர் வந்து நின்றான். "அம்மா, காலக் கொஞ்சம் உள்ளுக்கு எடுங்க. ஆக்கள் போகணும்."

"மடங்கிற காலெண்டா நான் ஏன்டா மனே உன்ட பஸ்ஸில ஏறுறன்? நடந்தே போயிருப்பனே."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஜானியும் சிரித்தாள். சிரித்தால்தான் சரியாக இருக்கும்.

நிதுர்ஷன் கொழும்பில் கட்டட வேலை செய்கிறான். பொங்கலுக்குத்தான் வருவதாக இருந்தது. மார்கழி வெள்ளத்தில் வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போன செய்தி கேட்டு, சீதனமாக வந்த வயலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வெள்ளிக்கிழமை இரவு சொல்லாமல் வந்துவிட்டான். கஜானி பிள்ளை தங்காமல் இருப்பதற்குக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறவள். அந்தத் தடவை ஊசி போடவில்லை. கிளினிக் கட்டடத்துக்குள் சேறு. மிட்வைஃபின் வீட்டுக்குள்ளும் தண்ணீர். அவன் இல்லாத வீட்டில் ஊசி கொஞ்சம் பிந்தினால் என்ன என்று அவளும் விட்டிருந்தாள். அதை அன்றே அவனிடம் சொன்னாள். அவன், "ஒரு நாளில என்னகா வரப்போகுது" என்றான்.

என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோதுதான் அது தெரிய வந்தது. நெஞ்சுக்குள் நீர் கோத்து, படுத்தால் மூச்சு இல்லை, எழும்பி இருந்தாலும் மூச்சு இல்லை. தலைக்கு மேல் தண்ணீரும் இல்லாமல் ஆள் தாழ்வது எப்படியென்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு பிள்ளை தங்கினால் தாயை மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்கு அவன் வாசலில் நின்று அழுதான். இப்போது அந்த மகள் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். கஜானி சமைக்கிறாள், துவைக்கிறாள், கோயிலுக்கு நடக்கிறாள். நடமாடுகிற ஆளின் வருத்தம் மற்றவர்களின் ஞாபகத்தில் மெல்ல மெல்லச் சுகமாகிவிடுகிறது.

ஊசி தவறினால் பிள்ளை தங்காமல் பிறகு விழுங்க ஒரு குளிசை இருக்கிறது என்று மிட்வைஃப் எப்போதோ சொல்லியிருந்தாள். எவ்வளவு கெதியாய் எடுத்தால் அவ்வளவு நல்லம், மூன்று நாளைத் தாண்டவிடக் கூடாது. இன்றைக்குத் திங்கட்கிழமை.

ஞாயிறு பின்னேரம் களுவாஞ்சிக்குடிக்குப் போய்க் கேட்டாள். பாமசிக்காரர் கனகசிங்கம் கோயிலை நடத்தும் வண்ணக்கர். அவளுடைய கலியாணத்தில் முன்னுக்கு நின்றவர். குளிசையின் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துண்டு கொண்டு வா பிள்ள. இல்லாட்டி மாப்பிள்ளைய ஒருக்கா வரச்சொல்லு" என்றார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற இருவரும் இருமுவதை நிறுத்தினார்கள். டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கலாம்தான். டிஸ்பென்சரியில் நம்பர் கொடுக்கிறவள் நிதுர்ஷனுக்குத் தங்கச்சி முறை. என்ன வருத்தம் என்று சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் நம்பர் கொடுப்பாள். மூன்றாவது ஒரு பொடியன் பிறக்கட்டும் என்று மாமியார் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிற வீட்டில், இந்தச் செய்தி எந்த முகத்தோடு வந்து சேரும் என்று கஜானி நினைத்துப் பார்த்தாள்.

இப்படிப்பட்ட சாமான்களுக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போவார்கள். காத்தான்குடிப் பெண்கள் இந்தப் பக்கம் வருவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் அல்ல. தெரியாத முகத்திடம் கேட்க வாய் வரும், அவ்வளவுதான்.

காத்தான்குடியில் இறங்கும்போது மாமி இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் கொடுத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போலக் காலைத் தூக்கி வைத்தாள்.

புடவைக்கடையில் ஷிஹான் என்ற இளைஞன் துணிகளை விரித்துப் போட்டான். மாமி ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்தாள், கசக்கினாள், மணந்தும் பார்த்தாள்.

"இது தோய்ச்சா வெளிறுமா தம்பி?"

"வெளிறினா கொண்டு வாங்க உம்மா. நானே உடுத்துக்கிறன்."

"உனக்கு இந்த நிறம் எடுக்காது. கறுவல்."

அவன் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டைப் பிரித்தான். கஜானி இரண்டு மகள்மாருக்கும் முதலில் கையில் பட்ட பூத்துணியைக் காட்டி, இது போதும் என்றாள். மாமிக்குப் போதவில்லை. எல்லாம் ஒருமுறை கீழே இறங்கிய பிறகு, மாமியின் கை ஒரு நீலக் கோட்டுத் துணியில் நின்றது.

"இது பொடியனுக்கு நல்லாயிருக்கும். எடுத்து வை. அடுத்த பொங்கலுக்கு ஆள் வந்திரும்."

"வேணாம் மாமி."

"என்ன வேணாம்? அவனும் வந்து நிக்கிறான். என்ட தங்கச்சி வாயால சொல்லமாட்டா, மனசில நினைச்சுத்தான் நேந்திருக்கா." மாமி துணியை ஷிஹானிடம் நீட்டினாள். "இதையும் வெட்டு தம்பி. இது என்ட கணக்கு."

கத்தரிக்கோல் துணிக்குள் ஓடும் சத்தம் கேட்டது. கஜானி தன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பட்டனும் நூலும் வாங்கிக்கொண்டு வருகிறேன், நீங்கள் காலை ஆற வையுங்கள் என்றாள். ஷிஹான் மாமிக்குச் சோடா எடுக்கப் போனான்.

பாமசி இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. ஸகியா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் முன்னுக்கு நின்றாள். ஆண்கள் இருவர் போகும்வரை கஜானி பற்பசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். ஸகியாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குனிந்து கீழ் லாச்சியை இழுத்தாள்.

"என்ன கேக்காங்க?" உள்மேசையில் இருந்த கடைக்காரர் அசனார் ஹாஜியார் கேட்டார். ஸகியா சொன்னாள். அவர் எழுந்து வந்தார். வெள்ளைத் தாடியும் நித்திரை குறைந்த கண்களும்.

"துண்டு இருக்கா மகள்?"

"இல்ல ஹாஜியார்."

"துண்டில்லாம நான் இப்ப குடுக்கிறல்ல. முந்திக் குடுத்ததுதான். சட்டத்துக்காக இல்ல." அவர் தெருவைப் பார்த்தார். "ஒரு மனிசன் வந்து கேட்டார். என்ட வயசிருக்கும். ஒண்டும் கேக்காமக் குடுத்திட்டன். வாசல்ல ஆட்டோ நிண்டிச்சு. உள்ளுக்க ஒரு புள்ள இருந்திச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ள. ஆட்டோ போன பொறகுதான் எனக்கு விளங்கிச்சு. அந்தப் புள்ள ஆரெண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியா. நான் கேட்டிருந்தா அந்த ஆள் திரும்பிப் போயிருப்பான். இல்லாட்டி வேற கடைக்குப் போயிருப்பான். அதும் தெரியா."

இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று கஜானிக்குத் தோன்றியது. கனகசிங்கத்திடம் சொல்லாததை, நிதுர்ஷனிடம் இரண்டாம் தடவை சொல்ல முடியாமல் போனதை, முன்பின் தெரியாத அவரிடம் சொன்னாள். வால்வு, நெஞ்சுக்குள் கோத்த நீர், டொக்டர் சொன்னது, வெள்ளம், ஊசி. அவர் கடைசிவரை கேட்டார். கேட்டு முடிந்ததும் "யா அல்லாஹ்" என்றார். அவருடைய கை தானாகப் போய், ஸகியா திறந்து வைத்திருந்த லாச்சியை மூடியது.

"இருதய வருத்தக்காரியா நீங்க? அப்ப துண்டில்லாமத் தரவே ஏலா மகள். ஒண்டு கிடக்க ஒண்டு ஆகினா?"

"பிள்ள தங்கினாத்தான் ஹாஜியார் ஒண்டு கிடக்க ஒண்டு ஆகும்."

"இருக்கும். ஆனா அத டொக்டர் சொல்லணும். நான் எப்புடிச் சொல்லுற?" அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்க. தண்ணி குடிங்க. நேரா மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களப் பாத்த டொக்டரிட்டயே கேளுங்க. நான் ஆட்டோ புடிச்சுத் தாறன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்த டொக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், கிளினிக் நாள் இன்றைக்கு இல்லை, புடவைக்கடையில் சோடா முடிந்திருக்கும். இவற்றில் எதைச் சொல்வது? வருத்தத்தைப் பற்றி வாயே திறக்காமல் நின்றிருந்தால்கூட அவரிடம் இன்னொரு தடவை கெஞ்சியிருக்கலாம். தண்ணீரை அரைவாசி குடித்துவிட்டு இறங்கினாள்.

படியில் ஸகியா பின்னால் வந்தாள். "அக்கா, குடைய விட்டுட்டுப் போறீங்க." குடையைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "ஆரையம்பதியில இறங்குங்க. மெயின் ரோட்டிலேயே ஒரு பாமசி இருக்கு. ஒரு பொம்பிளதான் நிப்பா. கேட்டாத் தருவா. ஆனா வருத்தத்தச் சொல்லாதீங்க. சொன்னா அவவும் தரமாட்டா."

"குடிச்சா எனக்கு ஏதும் செய்யுமா தங்கச்சி?"

ஸகியா உள்ளே திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியா அக்கா. ஹாஜியார் மாமாக்கும் தெரியா. அதுக்குத்தான் அவர் பயப்படுற."

திரும்பும் பஸ்ஸிலும் மாமி ஓரத்தில்தான் அமர்ந்தாள். கால் வழிக்குள் நீண்டது. துணிப் பொட்டலம் மடியில் இருந்தது. கஜானி ஜன்னல் பக்கம். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் வழி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஊர் முடியும் மதிலில் மற்ற ஊர் தொடங்கும்.

"பட்டன் எங்க?" என்று மாமி கேட்டாள்.

கஜானி கைப்பையைப் பார்த்தாள். "கிடைக்கல்ல மாமி."

"காத்தான்குடியில பட்டன் கிடைக்கல்ல."

அது கேள்வி இல்லை. கஜானி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாவிப் பக்கத்து வளவுகளில் வெள்ளம் இன்னும் முழுதாக வற்றவில்லை. வேலிக் கட்டைகள் பாதி தண்ணீருக்குள் நின்றன. ஒரு வீட்டு வாசலில் பாய்களைக் காயப் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் இறங்காவிட்டால் அடுத்து வீடுதான். வீட்டில் நிதுர்ஷன் இருப்பான். நாளைக்கு வெளிக்கிட இன்னொரு காரணம் இல்லை, இருந்தாலும் நாளைக்குப் பிந்திவிடும்.

"மாமி, நான் ஆரையம்பதியில இறங்கணும்."

"என்னத்துக்கு?"

இதற்குப் பதில் எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறவில்லை. கையை உயர்த்தி மணியை அடித்தாள். மணி அடித்த பிறகுதான், "ஒரு மருந்தெடுக்க" என்றாள்.

"என்ன மருந்து?"

கஜானி எழுந்து முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலைத் தாண்ட முடியாது. எழுந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து ஒருமுறை இழுத்தாள், போதாமல் இன்னொருமுறை இழுத்தாள். மாமி அண்ணாந்து அவளைப் பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு ஏறி இறங்கும் கழுத்துக்குழியை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் இரண்டு இரவு இருந்தவர்களில் மாமியும் ஒருத்தி.

"ஆரையம்பதி இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க" என்று கொண்டக்டர் கத்தினான். "அம்மா, அந்தக் கால்."

 மாமி மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்தாள். தாள் கிழிந்த மூலையில் நீலக் கோடு தெரிந்தது. அதைக் கஜானி எழுந்த இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, வழிக்குள் நீண்டிருந்த காலைத் தூக்க இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். பஸ் இன்னும் நிற்கவில்லை.