அக்காவின் வலது கை

மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேரம். சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டிரண்டு மணி நேரமாக இருபத்து நான்கு வகுப்புகள். நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

பேச்சுப் பயிற்சி வகுப்பு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் நடந்தது. 1992. நான் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நேர்காணலுக்குப் போய், பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் திரும்பியிருந்தேன். வகுப்பில் பதினொரு பேர். பெண்கள் இரண்டு பேர். முதல் நாள் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். சுப்புலட்சுமி என்பதில் எனக்கு முதல் எழுத்துதான் வந்தது. பனியன் கம்பெனியில் ஸ்டாக் எழுதும் குருசாமி பின்னாலிருந்து, "ஏனுங்க, பேரு வெளிய வர்றதுக்கே லாரி வெச்சு இழுக்கோணுமாட்ட இருக்குதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிவசுப்பிரமணியம் சிரிக்கவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "உக்காருங்க. மீதிப் பேரை நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் மறுநாளும் போனேன்.

எட்டாவது வகுப்பில் ‘எங்கள் வீட்டில் நடந்த ஒன்று’ என்று தலைப்புக் கொடுத்தார். நான் என் அக்கா மாரக்காளின் கையைப் பற்றிப் பேசினேன். ஆறு வருடங்களுக்கு முன் மாவு ஆட்டும்போது அவளுடைய வலது கை கிரைண்டரில் மாட்டிக்கொண்டது. நான்கு விரல்கள் போயின. இடது கையால் சோறு பிசைய, தலை வார, கோலம் போட ஒவ்வொன்றாகப் பழகினாள். மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள், ஆறு நிமிடம் பேசினேன். குரல் நடுங்கவில்லை. குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. நான் நடுங்காமல் சொன்னது, உறவுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் டாக்டருக்கும் ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். அக்காவின் கை போனது ஒரு பனியன் கம்பெனியில். துணியைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்க்கும் காலண்டரிங் மிஷினில். செக்கிங் வேலைக்குப் போனவளை, ஆள் வரவில்லை என்று அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மேனேஜர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதன்பின் அப்பா அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். அவர்கள் கொடுத்த லைன் வீட்டில்தான் குடியிருந்தோம். அக்கா ஒருமுறை என்னிடம், "சொல்லிச் சொல்லி எனக்கே கிரைண்டர்தானோன்னு ஆயிப்போச்சு அம்மிணி" என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கும்வரை காத்திருந்தேன். எனக்குப் பேச வாய் கொடுத்தவரிடமாவது பொய் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கம்பெனிப் பெயர் உட்பட எல்லாவற்றையும் சிவசுப்பிரமணியத்திடம் சொன்னேன். "வெளிய தெரிஞ்சா எங்களுக்கு ஊடு இருக்காதுங்க" என்றேன். அவர் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டே, "இது என்னோட இருக்கட்டுங்க" என்றார்.

அன்று எனக்குள் ஏதோ அடைப்பு விட்டது. ரேஷன் கடையில் எடை குறைந்தபோது கேட்டேன். மூன்றாவது நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். ஜூனில் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

நிறைவு விழாவில் நான் உப்பைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. சிவசுப்பிரமணியம்தான் சரி என்றார். அக்காவும் வருகிறேன் என்றாள். கல்யாணம், காது குத்து எதற்கும் போகாதவள்.

"உப்பப் பத்திப் பேச என்ன அம்மிணி இருக்குது? கொறைஞ்சா வாயில வெக்க முடியாது, கூடுனாலும் வெக்க முடியாது. முடிஞ்சுதே."

"அதைத்தான் மூணு நிமிசம் இழுக்கோணும்" என்றேன். அவள் சிரித்தாள். புதுப் புடவை கட்டி, முந்தானையால் வலது கையை மூடிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். சிறப்பு விருந்தினர் யாரென்று எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மாலை போட்டபோதுதான் பார்த்தேன். அப்பாவின் முதலாளி பழனிமுத்து. அப்பா காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய புது கிரைண்டர் ஒன்று இருந்தது. அது குலுக்கல் பரிசு என்றே நினைத்தேன்.

"அடுத்து சுப்புலட்சுமி" என்றார் சிவசுப்பிரமணியம் மைக்கில். "தலைப்பு, கிரைண்டர் பறித்த கை. இந்தக் குடும்பத்துக்கு நம்ம மொதலாளி, மூடி போட்ட புது கிரைண்டர் ஒண்ணு குடுக்கப் போறாருங்க."

மேடைப் படியில் சிவசுப்பிரமணியம் என்னை நோக்கி இறங்கி வந்தார்.

"நீங்க மொதலாளிகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. யூனியன்காரங்க பழைய விபத்தெல்லாம் கிண்டறாங்களாமா. நீங்களே ஒருக்கா மேடையில கிரைண்டர்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சு போயிருமுன்னாரு. உங்கப்பாவுக்கும் அதுதானுங்க நல்லது."

அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்கதான் அதை அத்தனை நல்லாப் பேசறீங்களே" என்றார்.

என் கால்கள் படியேறின. நாற்பத்தெட்டு மணி நேரம் பழக்கிய கால்கள். மைக்கின் உயரத்தை நானே சரிசெய்தேன். வாசலிலிருந்து அப்பா, யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு, தெரிந்த கதையைக் கேட்கப் போகும் முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரிப்பன் கட்டிய கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை விலக்கி, தனக்கு முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் தன் வலது கையை எடுத்து வைத்தாள். பக்கத்திலிருந்த பெண் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றேன். குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. "எங்கக்கா கை போனது எண்பத்தாறு மார்கழியிலீங்க. மாவாட்டறப்ப கிரைண்டருல மாட்டிக்கிச்சுன்னு நானே எத்தனையோ பேருகிட்டச் சொல்லீருக்கறேன்."

சிவசுப்பிரமணியம் தலையசைத்தார், அப்படித்தான், மேலே போங்கள் என்பது போல.

"அன்னிக்கு எங்க ஊட்டுல கரண்டே கெடையாதுங்க" என்றேன்.