மூலையில் உட்கார்ந்த பொம்மை

எங்கள் வீட்டு வாலு தன் பொம்மையைச் சுவர்ப் பக்கம் பார்த்து மூலையில் உட்கார வைத்திருந்தாள். அடியில் ஒரு தலையணை. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் எழுதிய சீட்டையே இரண்டு தடவை உற்றுப் பார்க்காமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கமாட்டேன். அவள் போகும் மழலையர் பள்ளி டீச்சர் இனிக்க இனிக்கப் பேசினால் மட்டும் நம்பிவிடுவேனா?

“பாத்தீங்களா, அங்க பிள்ளைங்கள மூலையில உக்கார வெச்சுத் தண்டிக்கறாங்க,” என்றேன் கணவரிடம்.

“உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்.”

முந்தின நாள் நாங்கள் போட்ட சண்டையே இன்னும் ஆறவில்லை, இதில் இது வேறு. கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளிக்கே ஒரு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய், பள்ளி ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கட்டிய கோபுரத்தை ஒரு பொடியன் தட்டிவிட்டான். அவள் உதடு பிதுங்கியது. எழுந்து நேராக மூலைக்குப் போய்த் தலையணைமேல் உட்கார்ந்தாள். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டி மிரட்டிப் பழக்கியிருக்கிறார்கள், இப்போது சொல்லக்கூட வேண்டியதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். “தட்டிவிட்டது அவன். மூலை எம் பொண்ணுக்கா?”

டீச்சர் பதறவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“அது தண்டனை இல்லம்மா. கோவமோ பயமோ வந்தா அவங்களாவே போய் உக்காருவாங்க. அடங்கினதும் எந்திரிச்சு வந்துடுவாங்க. நாங்க யாரையும் அனுப்பறதில்ல.”

“நல்லாத்தான் கதை சொல்றீங்க. அப்ப வீட்ல பொம்மைய எதுக்குச் சுவத்தப் பாத்து உக்கார வெச்சா?”

“எனக்கு எப்படித் தெரியும்? அவளயே கேளுங்க.”

வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். மகள் பக்கத்தில் போய்க் குந்தினேன். “பொம்மை என்னம்மா தப்பு பண்ணிச்சு? பயப்படாம சொல்லு. டீச்சர் திட்டமாட்டாங்க.”

“தப்பு பண்ணல,” என்றாள். “நீயும் அப்பாவும் கத்தினீங்க. பொம்மைக்குப் பயமா இருந்துச்சு. அதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.”

டீச்சர் கட்டைகளைப் பொறுக்கப் போய்விட்டார். கூனிக்குறுகிப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மகள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையணையில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள்.