சறுக்குமரத்துக்குப் போட்ட தார்ப்பாய்

எங்கள் காப்பகத்தில் குழந்தைகள் விழமாட்டார்கள். விழ வேண்டுமானால் முதலில் ஓட வேண்டும், அதற்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை. போன வருடம் ஒரு பையனுக்கு முட்டி சிராய்த்து, அவன் அம்மா வந்து ஆடிய ஆட்டத்தில் மேடம் நடுங்கிப்போய் சறுக்குமரத்தைத் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு கீறல் கிடையாது. வாசலில் 'ஆரோக்கியமே எங்கள் ஆனந்தம்' என்று பலகை வேறு தொங்குகிறது. காலையில் பாயில் உட்காரவைத்தால் மாலைவரை பாய்தான். ஆயாவான எனக்கும் அதில் நிம்மதி, பொய் சொல்வானேன்.

அந்த நிம்மதியில் மண் அள்ளிப் போட வந்தார், வாண்டு என்று நாங்கள் கூப்பிடுகிற குட்டிப்பெண்ணின் அப்பா. மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். அவர் மகளுக்கு மூன்று வயதாகியும் வீட்டு மாடிப்படியில் கால் வைக்கப் பயமாம். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல, ஓடி ஏறி விளையாட விடுங்க. இல்லன்னா இந்தப் பயம் உடம்போட ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டாராம். மனுஷன் முகம் வாடிப்போயிருந்தது.

"மேடம், எம்புள்ளைய ஏற விடுங்க."

"விழுந்துட்டா சார்?" என்றார் மேடம்.

"விழட்டுமே! விழாம யாரு நடக்கக் கத்துக்கிட்டா?"

"அப்புறம் எங்கள வந்து கேக்கக் கூடாது."

"நான் ஏன் கேக்கப்போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

தார்ப்பாயை அவிழ்த்தேன். உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த சிலந்திகளைக் காலி செய்யவைத்தேன். வாண்டு முதலில் என் கையை விடவே இல்லை. ஒரு படி ஏறுவாள், என் முகத்தைப் பார்ப்பாள், இறங்கிவிடுவாள். பிறகு இரண்டு படி. அடுத்த வாரம் ஒருநாள் என் கையை உதறிவிட்டு உச்சிக்கே ஏறி, சர்ரென்று சறுக்கி வந்து மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுபடி ஏறும்போதுதான் கால் வழுக்கி உதட்டில் அடிபட்டது. கொஞ்சம் ரத்தம். வாண்டு அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறத் தொடங்கிவிட்டாள். மேடம் சும்மா இருப்பாரா? அடித்துப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டார்.

கம்பம் ஏறும்போது கட்டுகிற பெல்ட்டைக்கூட இடுப்பிலிருந்து கழற்றாமல் அவர் ஓடி வந்தார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான் போலிருக்கிறது.

"அப்பா, இங்க பாரு!" உச்சியில் நின்றுகொண்டு வாண்டு கூப்பிட்டாள். மோவாயெல்லாம் துடைத்த ரத்தக்கறை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயோ! இறங்கு! இறங்குடி கீழ!"

அந்தச் சத்தத்தில் குழந்தை அப்படியே கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் எட்டித் தூக்கி இறக்கினார். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பச்சப்புள்ளய இப்படியா பாத்துக்குவீங்க? வலி தாங்காம எப்படி அழறா பாருங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் கண்ணாலேயே அடக்கினார். நான் அடங்கவில்லை.

"விழுந்தப்போ அவ அழவே இல்ல சார். நீங்க கத்தினதுக்குத்தான் அழறா."