குழிக்குக் காவல்

ஆண்டாளின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்து வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தார் தங்கராஜ். முடிச்சு நிற்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பது வருஷமாக பஜ்ஜியும் போண்டாவும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கை அது. அவர் போட்ட முடிச்சைப் பிரிக்கப் பல்லைத்தான் நம்பவேண்டும் என்று பஸ்காரர்கள் கேலி பேசுவார்கள். இன்றைக்கு மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டினார். அவள் நகத்துக்குள் கருப்பாக ஏரி மண் இருந்தது. எடுத்துவிடலாமா என்று நினைத்தார், பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

நேற்றுப் பொழுது சாய ஏரியிலிருந்து வந்தவள் குளித்தாள், சோறு வேண்டாம் என்று படுத்தாள். விடிகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவரப் போனவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது.

வாசலில் சாமியானா போட்டாயிற்று. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பறைச் சத்தம், அழுகை, நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் அவருக்கு எங்கோ தொலைவிலிருந்து கேட்டன. சிறுவயதில் ஏரியில் முங்கிக் கிடக்கும்போது கரையில் பேசுகிறவர்களின் குரல் அப்படித்தான் கேட்கும். மகன் அன்புமணி ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டான். வழியெல்லாம் வெள்ளம். அவன் வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆகும், அதற்குப் பிறகுதான் எடுப்பது. அதுவரைக்கும் இவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கலாம் என்கிற ஒன்றுதான் தங்கராஜுக்குப் பிடிமானமாக இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இருட்டோடு கடைக்குப் போய் இருட்டோடு வீடு திரும்பியவர். ஒரு முழுப் பகல் அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஞாபகமே அவருக்கு இல்லை.

அப்போது அமலா வந்தாள். ஆண்டாளுக்கு வலது கை மாதிரி இருந்தவள். அழுது வீங்கிய முகத்தோடு நேராக உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் ஆண்டாளின் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, மேல் ஏரி நெறஞ்சி கலங்கல் வழிஞ்சி போவுதாம். போன் வந்துச்சி. பொழுது எறங்கறதுக்குள்ள தண்ணி திட்டு மேல ஏறிடும்."

ஆண்டாள் பதில் சொல்வாள் என்று எதிர்பார்த்ததுபோல எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

திட்டு என்பது ஊர் ஏரியின் நடுவில் இருக்கிற மேடு. கோடையில் மாடு மேயும். மழை பிடித்துவிட்டால் சுற்றிலும் தண்ணீர் ஏறி அது தீவாகிவிடும். நான்கு வருஷத்துக்கு முன்னால் பதினாறு வீடுகள் சேர்ந்து, பஞ்சாயத்தில் கேட்டு வாங்கி, அதில் நிலக்கடலை போட்டார்கள். ஊர் வாய்க்கு அது மல்லாட்டை. எல்லோரையும் இதற்குள் இழுத்தவள் ஆண்டாள். உரக்கடைப் பக்கம் போகக் கூடாது. சாணியும் ஏரி வண்டலும்தான். ஆடியில் விதைத்து, ஐப்பசியில் லாரி டியூப் கட்டிய தெப்பத்தில் போய்ப் பிடுங்கி, உரித்து, காயவைத்து, செக்கில் ஆட்டி, வீட்டுக்கு வீடு எண்ணெய் பங்கு. பாக்கெட் எண்ணெய் நம்ம ஊருக்குள் பஸ் ஏறி வரக்கூடாது என்பாள். அவள் புருஷன் கடைச் சட்டியில் கொதிப்பது என்னவோ பாமாயில்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிக்காத ஆள் கிடையாது. அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. நான்கு வருஷமாக அவர் கடைப் பலகாரத்தைத் தொட்டதுகூட இல்லை. அவரும் விடாமல் தினமும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியைக் கட்டிக்கொண்டு வருவார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்த ஊரு எண்ணெயோ, யாரு கண்டா" என்று தள்ளி வைப்பாள். அந்தச் சண்டை இல்லாமல் அவர்களுக்குப் பொழுது அடங்காது.

போன வருஷம் பூச்சி விழுந்து பாதிதான் தேறியது. இந்த வருஷமும் போனால் நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொல்லியாயிற்று. இன்றைக்குத்தான் பிடுங்க நாள் குறித்திருந்தார்கள். தண்ணீரில் ஊறினால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். எண்ணெய் போகும், விதையும் போகும், பதினாறு வீடும் பதினாறு திசைக்குப் போகும்.

சாமியானாவின் ஓரத்தில் அந்தப் பதினாறு வீட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். பிடுங்கப் போகலாமா என்று சாவு வீட்டில் எப்படிக் கேட்பது? தங்கராஜே எழுந்து பச்சைமுத்துவிடம் போனார். அவர் தங்கராஜுக்குச் சித்தப்பா முறை. ஊரில் நல்லது கெட்டதுக்கு முறை சொல்கிறவர்.

"இன்னா சித்தப்பா பண்றது? போய்ப் புடுங்கச் சொல்லிடட்டா?"

"எப்படிரா சொல்லுவ? பொணம் கெடக்குது. செத்த அன்னிக்கி ஊரு மண்ணு மொத மொத செத்தவங்களுக்குத்தான் தெறக்கணும். அதுக்கு முன்னால எவனும் மண்ணுல கை வெக்கப்படாது. ஒரு கீரை வேரக்கூட இழுக்க மாட்டாங்க. அவளே இருந்தாலும் எறங்க மாட்டா."

"அப்ப குழிய இப்பவே வெட்டிட்டா?"

பச்சைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெட்டலாம். ஆனா வெட்டுன குழி வாயத் தெறந்துகினு சும்மா கெடக்கக் கூடாதுடா. அது இன்னொரு ஆளக் கேக்கும். அதனாலதான் பொணத்தத் தூக்கற நேரத்துக்கு வெட்டுறது."

"அதுக்கு வழி இல்லியா?"

"ஊட்டு ஆளு ஒருத்தன் குழி பக்கத்துலயே குந்திக்கினு இருக்கணும். பங்காளிங்க குந்தனா செல்லாது." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "உன் புள்ள வரல. நீ ஒருத்தன்தான் இருக்குற."

தங்கராஜுக்குப் புரிந்தது. திரும்பி உள்ளே பார்த்தார். நாடிக்கட்டுக்குள் அவள் முகம் சிறுத்துத் தெரிந்தது. மூன்று மணி வரைக்கும் அந்த முகம் அவருடையது. பிறகு கிடையாது, எந்தக் காலத்திலும் கிடையாது. எவன் வீட்டு எண்ணெய்க்கோ நான் ஏன் போய்ச் சுடுகாட்டில் உட்காரவேண்டும் என்று அவருக்குக் கோபம் வந்தது. அந்தப் பதினாறு வீட்டின் மேலும், ஏரியின் மேலும், சொல்லாமல் கொள்ளாமல் போனவள் மேலும் கோபம் வந்தது. அமலா இன்னும் அவள் காதருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டச் சொல்லு சித்தப்பா," என்றார்.

சுடுகாடு ஏரிக்கரைக்கு மேலே, பனைமரங்களுக்கு நடுவில். பங்காளிகள் நாலு பேர் கடப்பாறை போட்டார்கள். முதல் மண்ணை எடுத்ததும் ஒருவன் கரையேறி நின்று துண்டை வீசினான். சற்று நேரத்தில் தெப்பம் கிளம்பியது. குழி முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, குடையை விரித்துக்கொண்டு, தங்கராஜ் தன் பெண்டாட்டியின் குழி ஓரத்தில் தனியாக உட்கார்ந்தார்.

மேகம் இறங்கி ராஜகிரி மலையின் இடுப்பை மறைத்திருந்தது. கோட்டை மட்டும் மேலே, அடியில் மலையே இல்லாததுபோல நின்றது. ஏரியும் வானமும் ஒரே நிறம். நடுவில் திட்டு, பச்சையாக, அசைவது மாதிரியும் அசையாத மாதிரியும். அதில் சின்னச் சின்னதாக ஆட்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். சாவுக்கு வந்த சேலையோடேயே வந்திருந்தார்கள். ஒருவர்கூட பாட்டுப் பாடவில்லை, சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் திட்டை நின்று பார்த்ததில்லை. கடைக்கு நேரமாகிவிடும்.

ஊதா ரவிக்கை போட்ட ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். ஆண்டாள்தான் அப்படி நிற்பாள். தங்கராஜ் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவள் திரும்பியதும் வேறு யாரோவாக இருந்தாள். தூக்கிய கையால், அதற்காகவே தூக்கியதுபோல, தலையைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கம் எப்போது வந்தது என்று தெரியாது. குழிக்கு எதிர்க்கரையில் ஆண்டாள் உட்கார்ந்திருந்தாள், வாய்க்காலில் காலைத் தொங்கப்போடுவதுபோல இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு.

"கடைய யாரு பாத்துக்கறது?"

"சாத்திட்டேன்."

"அடுப்புல வெச்ச எண்ணெ?"

"அப்படியே கெடக்குது."

"இன்னா எண்ணெ?"

"பாக்கெட்டுதான்," என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவள் சிரித்தாள். "ஒன்ன நான் என்னைக்கித் திருத்தறது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே குனிந்து பார்த்தாள். "தண்ணி ஊறுது பாரு."

விழித்தபோது எதிரே ஈர மண் மட்டும்தான் இருந்தது. குழிக்குள் உண்மையிலேயே தண்ணீர் ஊறியிருந்தது, ஒரு சாண். அவளை இந்தத் தண்ணீரிலா படுக்கவைப்பது? அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். யாரோ போட்டுவிட்டுப் போன கொட்டாங்கச்சி ஒன்று கிடைத்தது. மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஊறியது. மேலே ஏறி மேட்டு மணலை அள்ளி வந்து உள்ளே கொட்டிப் பரப்பினார். மறுபடி இறங்கி மொண்டார். உள்ளே நிற்கும்போது மழைச் சத்தம் கேட்கவில்லை. ஏரிக் காற்றும் அங்கே இறங்கவில்லை. பரவாயில்லை, குளிராது என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. குழிக்குள்ளே நின்று, பார்க்க ஒரு ஆள் இல்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அழுது முடித்து மறுபடியும் மொண்டார். திட்டில் பச்சை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தெப்பம் சுமையோடு கரைக்குப் போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தது. தண்ணீர் திட்டின் கீழ் வரப்பைத் தொட்டுவிட்டது.

பறைச் சத்தம் நெருங்கி வந்தபோது அவர் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தார். அன்புமணி ஓடிவந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். மொட்டை அடித்த தலை, ஈர வேட்டி.

"நைனா, நீ இன்னா உள்ள எறங்கி…"

"தண்ணி ஊறுச்சிடா. எறச்சிட்டேன். இப்ப காஞ்சிதான் கெடக்குது."

மகன் குழிக்குள் எட்டிப் பார்த்தான். மணல் சமமாக, கை வைத்துத் தடவியதுபோலப் பரப்பியிருந்தது. அவன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க," என்றார் பச்சைமுத்து.

எல்லோரும் ஒதுங்கி தங்கராஜுக்கு வழிவிட்டார்கள். வாய்க்கரிசி ஒட்டியிருந்த உதடு. மஞ்சள் பூசிய நெற்றி. பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. "மழை வலுக்கும்போல இருக்குதுடா," என்று பச்சைமுத்து மெதுவாகச் சொன்னார். தங்கராஜ் நகர்ந்துகொண்டார்.

அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை, தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அன்றைக்குத் திட்டில் கடைசி நடைக்காக நின்றிருந்த பெண்கள், முழங்கால் தண்ணீரில், இந்தப் பக்கம் பார்த்து நிமிர்ந்து நின்றார்கள். மண் தள்ளி முடிகிற வரைக்கும் நின்றார்கள். பிறகு குனிந்து மிச்சத்தை இழுத்தார்கள்.

குளித்து ஈரத்துணியோடு வீடு திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். அவளைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவி அகல் ஏற்றியிருந்தது. அதை எட்டி நின்று பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். சாமியானாவைப் பிரிக்கவில்லை. அதன் கீழே பந்தல் உயரத்துக்கு மல்லாட்டைக் கொடி, மண்ணும் தண்ணீரும் சொட்டச் சொட்ட. ஈரக் கொடியை விடியும்வரை அப்படியே போட்டால் சூடேறிக் காய் கெட்டுவிடும், ராத்திரியே காயைப் பறித்து ஆய்ந்தாக வேண்டும். பதினாறு வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள், விலகுகிறோம் என்று சொன்ன இரண்டு வீட்டாரும். கொடி ஆயும்போது எதிரும் புதிருமாக இரண்டு பேருக்கு ஒரு குவியல் என்பது அவர்கள் வழக்கம். காய் கூடையில் விழுகிற சத்தம் மட்டும்தான்.

அமலாவுக்கு முன்னால் ஒரு குவியல் இருந்தது. எதிரே ஆள் இல்லை.

தங்கராஜ் அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அமலா தலையைத் தூக்கவில்லை. குவியலில் பாதியை இரண்டு கையாலும் அணைத்து எடுத்து, அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.